கழுத்து பதினைந்தரை

தையற்கடைக்காரரின் இளைய பிள்ளையை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டைவிட்டுவிட்டு, அப்பாவின் கடையிலேயே பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தான். எதைத் தைத்தாலும் முடிவில் ஒரே இடத்தில் மூன்று குத்து குத்திய பிறகுதான் நூலை அறுப்பான்.

"பட்டன் தைக்கிறியா, யானையைக் கட்டுறியா?" என்பார் அப்பா.

"யானையே வந்தாலும் பிய்க்க முடியாதுப்பா."

இருபது வயதில் படையில் சேர்ந்தான். பாதி முகாமுக்குத் தானே பட்டன் தைத்து, தொளதொளப்பான சட்டைகளைச் சைடு பிடித்துக் கொடுப்பதாகவும், துப்பாக்கியைவிட ஊசி பிடிப்பதுதான் அதிகம் என்றும் போர்முனையிலிருந்து எழுதினான். அக்கா வாசித்துக் காட்டியபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் அவன் இறந்த செய்தி வந்தது.

இப்போது கடை வாசலில் வண்டி நின்றது. பின்னால், தகரம் போர்த்தி ஆணியடித்த பெட்டி. முகம் பார்க்கும் நிலையில் இல்லை, திறக்கக் கூடாது என்று உத்தரவு. கூட வந்த அதிகாரி ஒரு காகிதத்தையும், உடம்பிலிருந்து எடுத்துத் துவைத்த சட்டையையும் வெட்டுமேசைமேல் வைத்தார்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. தோளில் கிடந்த டேப்பை எடுத்துக் காலரை அளந்தார்.

"பதினஞ்சரை. எம்பிள்ளைக்குக் கழுத்து பதினாலு. இது அவன் சட்டை இல்லைங்க."

"ஐயா, அங்கே இருக்கிற சைஸைத்தான் கொடுப்பாங்க."

"தையக்காரன் வீட்டுப் பிள்ளைங்க அவன். தொளதொளன்னு மாட்டிக்கிட்டு நிக்க மாட்டான். யார் பெத்த பிள்ளையோ, அவங்க வீட்டுல கொண்டுபோய்க் குடுங்க."

"நான்தான் சொன்னேனே, எம்பிள்ளை இருக்கான்னு," என்றாள் அம்மா. நான்கு நாட்களுக்குப் பிறகு அவள் குரலில் உயிர் இருந்தது.

அதிகாரி தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "நீங்க வேண்டாம்னுட்டா திருப்பிக் கொண்டுபோகணும். பேர் தெரியாதவங்களோட சேர்த்துப் பொதுக்குழியிலதான் போடுவாங்க. இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்குங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

அக்கா மெஷினுக்குப் பின்னால் இருந்தாள். கடைக்கு வருகிறவர்கள் அவள் குரலைக் கேட்டதேயில்லை. மெஷின் சத்தம்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் கண் சட்டையை விட்டு அகலவில்லை. காலர் பெரிது, சரி. ஆனால் அக்குளுக்குக் கீழே ஏன் உள்வாங்கியிருக்கிறது?

எழுந்துபோய் மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கைத்தையலில் சைடு பிடித்திருந்தது. அக்குளில் நூல் முடியும் இடத்தில் மூன்று குத்து.

பாதி முகாமுக்குத் தைத்துக் கொடுத்தவன்தானே. வேறு எவனுக்கோ பிடித்துக் கொடுத்திருப்பான். அப்படியே இருக்கட்டும். ஆனால் அளந்தால் தெரிந்துவிடும். அப்பா கழுத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் டேப்பை எடுத்ததும் அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் அப்பா அளந்துட்டாருல்ல. வைடி கீழே."

அதிகாரி சட்டைக்குக் கை நீட்டினார். வெளியே டிரைவர் வண்டியைக் கிளப்பினான். பெட்டியின் தகரம் கடகடவென்று ஆடியது. உள்ளே இருப்பது தம்பியென்றால், அவன் பேரில்லாத குழிக்குப் போவான். அம்மா சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்கா கையை விடுவித்துக்கொண்டு சட்டையை விரித்து அளந்தாள். கடையில் ஒருவர் அளவு சொன்னால் மற்றவர் எழுதுவார். அந்தப் பழக்கத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டாள்:

"மார்பு, லூசோட முப்பத்தெட்டு."

அப்பாவின் கை தானாகக் காதிலிருந்த பென்சிலுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"மறுபடி அள."

"முப்பத்தெட்டுதான்பா. நம்ம ஊசி அளவு. அவன் தையல்."

அப்பா சட்டையை வாங்கி உட்புறத்தைத் தடவினார். இரண்டு அங்குலத் துணி வெட்டப்படாமல் மடிந்து கிடந்தது. சதை போட்டால் பிரித்துவிட என்று எல்லாச் சட்டையிலும் அவர் விடச் சொல்லும் துணி.

"சொன்ன மாதிரியே விட்டிருக்கான்," என்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி பேனாவை நீட்டினார். அப்பா எழுத்துக் கூட்டுகிறவர்போல மெல்லக் கையெழுத்திட்டார்.

அக்கா வெட்டுமேசையில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். பெட்டியை இறக்கிவைக்க அவ்வளவு நீளமான இடம் அந்த வீட்டில் வேறு இல்லை.