புல்தரையில ரெண்டு கோடு

எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற புல்தரையில, இந்த வெயிலுக்கு நீளமா ரெண்டு கோடு விழுந்திருக்குது. அந்த இடத்துல புல்லு காஞ்சு மண்ணு தெரியுது.

பிள்ளைங்க கிரிக்கெட் ஆடுறதாலதான்னு நானே தீர்ப்பு சொல்லி, ஒரு வாரமா பேட்டைப் பிடுங்கி பீரோ மேல வெச்சிருந்தேன். நாலாவது படிக்கிற என் பொண்ணு அழுதும் நான் அசரல.

இன்னிக்குக் காலைல நர்சரிக்குப் போய் போட்டோவைக் காட்டினேன். நர்சரிக்காரர் போனை வாங்கிப் பார்த்தாரு.

"ஏம்மா, வீட்டுல தறி இருக்குதா?"

"இருக்குதுண்ணா."

"பாவு நூலை இந்தப் புல்லு மேலதான் இழுத்துக் கட்டுறீங்களா?"

ஆமாம். தெருவுல பைக்குங்க தொல்லை. அதனால பட்டு நூலை நீளமா இழுத்துக் கட்டிச் சரி பண்றதெல்லாம் இப்போ பின்னாடிதான். பாவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், இந்தப் பக்கம் நான். விடியக்காலைலேர்ந்து முன்னயும் பின்னயும் நடந்துக்கினே இருப்போம்.

"புள்ளைங்க ஓடினா இவ்ளோ நேரா கோடு விழாதும்மா. வெயில்ல மிதிபட்ட புல்லு சீக்கிரம் எழுந்துக்காது. ஒவ்வொரு வாட்டியும் பாவை நாலடி தள்ளிக் கட்டுங்க. புல்லை ஒட்ட வெட்டாதீங்க."

வீட்டுக்கு வந்து பேட்டைத் திருப்பிக் குடுத்து, பொண்ணுகிட்ட உண்மையைச் சொன்னேன். முழுசா கேட்டுக்கினு அவ கேட்டா:

"அப்போ உனக்கும் அப்பாவுக்கும் எத்தனை நாள் தடை?"

யோசிச்சுச் சொல்றாளாம். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் புல்லுல கால் வைக்கக் கூடாதாம்.

நாளைக்கு விடிஞ்சா பாவு இருக்குது. யார் வீட்டுலயாச்சும் நீளமா ஒரு புல்தரை இருந்தா சொல்லுங்கப்பா.