நாற்பது டிகிரிக்கு ஒரு கூலர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு உருக்காலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டினேன். கட்டியதோடு விட்டேனா? புராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் பைத்தியம் பிடித்தது. ஓவர்கிளாக்கிங் என்பார்கள். வேகம் கூடினால் சூடும் கூடும். புராசஸரோடு வந்த சின்ன விசிறி திணறியது. பத்து நிமிடம் ஓடினால் திரை அப்படியே நின்றுவிடும்.

"நல்ல கூலரா ஒண்ணு வாங்கணும். இந்தச் சூட்டுக்குத் தாங்காது" என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். சரி என்று தலையாட்டினாள்.

எந்தக் கூலர் என்பதுதான் பெரிய ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை தோறும் பகல் முழுக்கப் பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்தேன். அலுமினியம் எடை குறைவு, ஆனால் விசிறி காது கிழியக் கத்தும். செம்பு சூட்டை நன்றாக இழுக்கும், ஆனால் அதைப் பொருத்தும் மதர்போர்டே வளைந்துவிடும் அளவுக்குக் கனம். வெளிநாட்டுக்காரர்கள் இருபத்திரண்டு டிகிரி அறையில் சோதித்துவிட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மொட்டை மாடியில் ஒற்றை அறையில் குடியிருப்பவனின் மே மாதம் அவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் தொழிலில் எதையும் மிக மோசமான நேரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரு தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு நான் ஆலையில் இருப்பேன். அதனால் அளவைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவைக்கும்படி மனைவியிடம் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பது. ஒரு நாள் நாற்பத்தொன்று. "பிரமாதம்!" என்று கத்தியேவிட்டேன். அவளும் சிரித்தாள்.

செம்பு என்று முடிவானது. கம்ப்யூட்டர் கேபினெட்டைப் படுக்கப் போட்டுவிட்டால் கனம் ஒரு பிரச்சினையில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டு, ரயில் முழுக்கப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அறைக்குள் நுழைந்தால் ஜன்னலோரம் இருந்த பீரோவைக் காணோம். யாரை வைத்து நகர்த்தினாளோ, எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு ஸ்டூல். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். வேடிக்கை பார்க்க வீட்டுக்காரம்மாவும் வந்திருந்தார். நான் பெட்டியைப் பிரித்தேன்.

"இன்னா நைனா, இம்மாத்தூண்டு கீது? இதுல தண்ணி எங்க ஊத்துவே?" என்றார் அவர்.

மனைவிதான் முந்திக்கொண்டாள். "அது கம்ப்யூட்டருக்குக்கா. நம்ம ரூமுக்கு வர்றது பெருசு, பின்னாடி வருது."

அவர் இறங்கிப் போனதும் வாளியைச் சாய்த்துத் தண்ணீரை வெளியே ஊற்றினாள். "நெதம் ரெண்டு மணிக்குப் பாத்து எழுதச் சொன்னீங்களா, எனக்கோசரம்தான்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது.

"நாளைக்கே வாங்கியாந்துடறேன்."

"வாணாம். எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். அப்புறம் இங்க யாருக்குக் கூலரு?"

அடுத்த மாதம் போவதாக இருந்தவள் இரண்டே நாளில் ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறினாள். புதுக் கூலரோடு கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடியது.

அந்த ஞாயிறு நான் எங்கும் போகவில்லை. அந்த அறைக்குக் குடிவந்த பிறகு, மத்தியானம் இரண்டு மணிக்கு நான் உள்ளே இருந்தது அன்றுதான் முதல் தடவை. சட்டையைக் கழற்றிப் போட்டேன், தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கி, ஸ்டேஷன் பக்கம் நிழல் தேடிப் போய்விட்டேன்.