சண்டையைக் குறித்துக்கொண்டவர்

ஆந்திர, கர்நாடக எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளியில் எங்கள் நாடகக் குழுவுக்கு நிதி தரலாமா என்று பார்க்க வந்த அதிகாரி, பேனா மூடியைக் கடித்தபடியே எழுதும் ஒல்லியான மனிதர். அவர் முன்னால் சண்டை கூடாதென்று பேசி வைத்திருந்தோம். ஆனால் கடைசிக் காட்சி தெலுங்கிலா கன்னடத்திலா என்று, கம்பெனி ஷிப்ட் முடிந்து ஒத்திகைக்கு வந்த எங்கள் குழுப் பெண்கள் மோதிக்கொண்டார்கள்.

“எப்பவும் இப்படி இல்லீங்க சார்,” என்றேன், நிதி போயிற்று என்ற பயத்தில்.

“விடுங்க. என் படிவத்துல ‘மக்களே நடத்துறாங்களா’ன்னு ஒரு கேள்வி இருக்கு. போன ஊர்ல எல்லாரும் செயலாளர் மூஞ்சியையே பார்த்தாங்க. எழுத ஒண்ணுமே இல்ல.”

எனக்கு மூச்சு வந்தது. புறப்படும்போது அவர், “தெலுங்கே இருக்கட்டும்மா,” என்றார்.

“நடிக்கறது நாங்க சார்!” என்று இரு தரப்பும் சேர்ந்து பாய்ந்தார்கள். அதையும் எழுதிக்கொண்டார்.

நிதி வந்துவிட்டது. தெலுங்கு அவருடைய விருப்பமா, எங்களுக்கு வைத்த கடைசிப் பரீட்சையா என்பது மட்டும் இன்றும் தெரியவில்லை.