குனிந்து எடுத்த பாட்டில்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று சான் ரஃபாயேலில் இரண்டு மளிகைக் கடைகள் என் பெயரில் நடக்கின்றன. ஒருவனும் கைதூக்கி விடவில்லை. மாவும் எண்ணெயும் எவன் வேண்டுமானாலும் விற்பான். ஒயினைப் பார்த்து வாங்க என்னை விட்டால் இந்த ஊரில் ஆளில்லை. ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் எதையும் அலமாரியில் ஏற்றியதில்லை. கண்ணுக்கு நேரான தட்டில் பகட்டு பாட்டில்கள் நிற்கும். குனிந்து எடுக்கிற அடித்தட்டில்தான் என் சரக்கு. பெயர் தெரியாத சின்னத் தோட்டக்காரர்களுடையது. மலிவு, வாய்க்கு இதம். வாங்கியவுடன் குடித்துவிட வேண்டியது.

தவறாமல் குனிந்தவன் எலியோ, டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். ஞாயிறுதோறும் மாமனார் அமதேயோ வீட்டு முற்றத்தில் கறி சுடுவார்கள். மருமகன் வெறுங்கையோடு போக முடியாது. சனிக்கிழமை வருவான், நான் திறந்து ஊற்றுவதைச் சுவைத்து, வாய் கொள்ளாமல் சிரிப்பான்.

"அருமைண்ணே! இந்தத் தடவ மேசையில ஊத்துவாரு பாருங்க."

அமதேயோ ஊற்றியதே இல்லை. லேபிளைப் பார்ப்பார். "நல்ல நாளுக்கு ஆகட்டும்" என்று அடுப்புக்கு மேலுள்ள பலகையில் நிறுத்திவிடுவார். மூத்த மருமகன், பேங்க்காரர், கொண்டுவந்தது மட்டும் மேசைக்குப் போகும். எலியோவின் பாட்டில்கள் வருஷக்கணக்கில் அங்கே புகை குடித்துக்கொண்டு நின்றன.

"நீயே திறந்துட வேண்டியதுதானேடா?" என்பேன்.

"அவரு வீட்டுல அவரு கையால திறக்கணும்ணே."

எலியோவின் மகளுக்குப் பதினைந்து வயது நிறைந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன். அமதேயோ எழுந்து பலகையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"இன்னைக்கு நம்ம சின்ன மாப்பிள்ளை ஒயினு!"

எலியோ முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றான். அடுப்புச் சூட்டில் வருஷக்கணக்காக நின்ற ஒயின் கெட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கூட்டத்தை விலக்கி முன்னே போவதற்குள் எல்லார் கிளாஸிலும் ஊற்றியாகிவிட்டது. வாழ்த்தினார்கள், குடித்தார்கள், துப்பினார்கள். புளித்த காடி.

"வெங்காயத்துல ஊத்திக்கலாம், வீணாப் போகாது" என்றார் பேங்க்காரர்.

"இத்தன வருஷமா இதத்தான் நம்ம தலையில கட்டிருக்கான்!" என்றார் அமதேயோ.

எலியோவின் மனைவி நிதியாவும் சேர்ந்து சிரித்தாள்.

"அடுப்பு மேல வெச்சுக் கெடுத்தது நீங்க!" என்று கத்தினேன். "கொண்டாந்த அன்னைக்கே திறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கடைக்காரரு தன் சரக்க விட்டுக்குடுப்பாரா?" என்றார் அமதேயோ.

சிரிப்பு இன்னும் கூடியது. எலியோ மட்டும் தன் கிளாஸை மீதி வைக்காமல் குடித்தான்.

அடுத்த சனிக்கிழமை அவன் குனியவில்லை. தங்க எழுத்துப் போட்ட கனத்த பாட்டிலை எடுத்து வைத்தான்.

"அது வேணாண்டா. கனமெல்லாம் கண்ணாடியிலதான், உள்ள ஒண்ணுமில்ல."

"தெரியும்ணே. தாள் சுத்திக் குடுங்க."

திங்களன்று அவன் பட்டறைப் பக்கம் போனேன். "என்னாச்சு?"

"நான் உக்கார்றதுக்குள்ள திறந்துட்டாரு. 'இப்பத்தான்யா மாப்பிள்ளை'ன்னு தோள்ல தட்டுனாரு."

"ஒயினு?"

"நீங்க சொன்ன மாதிரிதான்." டயரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்க ஆரம்பித்தான்.

இன்றும் சனிக்கிழமை தவறாமல் வருகிறான். அந்தக் கனத்த பாட்டிலையே வாங்குகிறான். அதில் எனக்கு லாபமும் அதிகம். சுவைத்துப் பார்க்க அவன் கேட்பதில்லை. நானும் திறப்பதில்லை.