பனி வெள்ளை மணல் அல்ல

"பனியெண்டால் என்ன, வெள்ளை மணல்தானே!"

பாரிஸில் நான் கேட்ட வாக்கியங்களில் இதைவிடக் கேடு விளைத்தது வேறொன்றில்லை. சொன்னவர் என் அண்ணை. 1987 ஜனவரி இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை விடியற்காலை. லா ஷப்பலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் முன்னால் அவர் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு நெருப்புக்குச்சியால் பின் டயரின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணை வடமராட்சிக் கரையோரத்தில் மீன் லொறி ஓடியவர். அந்த மணலில் புதையாமல் போக இரண்டு விதிகள் உண்டு. டயரின் காற்றைக் குறைக்க வேண்டும், அப்போது அது அகன்று பதியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் சில்லு புதைந்துவிடும். மணலுக்கு இரண்டும் சரிதான். ஆனால் எங்கள் ஊர் ஆண்கள் அந்த இரண்டு விதிகளையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து பாரிஸ் பனிக்கும் பிரகடனம் செய்திருந்தார்கள். அன்று காலை எங்கள் தெருவில் காற்றிறங்கி நின்றது அண்ணையின் கார் மட்டுமல்ல.

"அண்ணை, காத்தைக் குறைக்க வேண்டாம். பனியிலை அது வழுக்கும். பள்ளிக்கூடத்திலை படிச்சனான்."

"நீ படிச்சது கடதாசியிலை. நான் படிச்சது றோட்டிலை. ஏறு, பிந்தப் போறாய்."

நான் படித்தது கடதாசியில் என்பதில் ஓரளவு உண்மை இருந்தது என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது. ஒரு வருடம் முழுக்க ஓட்டுநர் பள்ளிக்குப் போய், பிரெஞ்சில் வீதிச் சட்டம் படித்து, 1986 நவம்பரில் பெர்மி என்கிற ஓட்டுநர் உரிமம் எடுத்தவள் நான். அந்த வருடப் பெப்ரவரியில் தெருக்கள் உறைந்துகிடந்த நாட்களில் பயிற்றுநர் வகுப்பையே நிறுத்திவிட்டார். "இன்று வழுக்குகிறது மதாம், வெயில் வரட்டும்" என்றார். தண்ணீர் ஆழம் என்று நீச்சல் வகுப்பை நிறுத்துகிறவரை என்னவென்று சொல்வது? அண்ணையோ ஒரு பாடமும் எடுக்காமல், இலங்கை லைசென்ஸைப் பிரிபெக்தூர் அலுவலகத்தில் நீட்டிப் பிரெஞ்சுப் பெர்மியாக மாற்றிக்கொண்டவர். இருந்தும் காரில் முன் ஆசனம் அவருக்கு, பின் ஆசனம் எனக்கு. ஏன் என்று கேட்பதற்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. பரீட்சார்த்த காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அது நல்லபடி முடிந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி வாசல் வாசலாக ஏற வேண்டும். டிசம்பரிலிருந்து ரயில் வேலைநிறுத்தம். ரயிலை நம்பி நான் ஏற்கெனவே சில நாட்கள் பிந்தியிருந்தேன். ஆகவே கார்தான் கதி.

வழியில் திரான்சியில் என்னுடன் வேலை செய்யும் புதுச்சேரிப் பெண் ஏறிக்கொண்டார். என்னைவிட வயதில் மூத்தவர், நாக்கு மட்டும் இளமையாகவே இருந்தது. கார் ஒவ்வொரு முடக்கிலும் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்து என் காதருகே கேட்டார்: "ஏம்மா, உங்க அண்ணன் வண்டிய ஓட்டுறாரா, உழுவுறாரா?"

ரயில் பாதைக்கு மேலான பாலம் வந்தது. பாலங்கள் மற்றத் தெருக்களுக்கு முன்பே உறைந்துவிடும், அடியிலும் குளிர்காற்று அடிப்பதால். இதுவும் கடதாசியில் படித்ததுதான். அங்கே பனி வெள்ளையாகக்கூட இருக்கவில்லை. கண்ணாடி பூசியதுபோல் கறுப்பாக மினுங்கியது. வெர்க்லா என்று பிரெஞ்சுக்காரர் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கார் வழுக்கத் தொடங்கியதும் அண்ணை மணல் விதிப்படி ஆக்சிலேட்டரை அழுத்தினார். பின் சில்லுகள் சுழன்றன. கார் பின்பக்கத்தை முன்னால் கொண்டுவரப் பார்த்தது. பிறகு பயந்து பிரேக்கில் ஏறி நின்றார்.

"பிரேக்கை விடுங்கோ அண்ணை! விடுங்கோ!"

நடைபாதை விளிம்பில் மோதி நின்றோம். ஒருவருக்கும் காயமில்லை. சில்லின் இரும்பு வளைந்திருந்தது. அண்ணை இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பின்னுக்கிருந்து கத்தினதாலைதான்."

சில்லை மாற்றி இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் சலவை முடிந்திருந்தது. மேற்பார்வையாளர் அந்தக் கட்டடத்தின் மேல்மாடியிலேயே குடியிருப்பவர். வேலைக்கு வருவதற்கு அவர் இறங்க வேண்டியது படிகள் மட்டும். "பனி எல்லோருக்கும்தான் விழுகிறது" என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "திங்கட்கிழமை பிந்தினால் நீங்கள் வரவே வேண்டாம், மதாம்" என்றார்.

நாவல்களில் பனி எப்போதும் மெதுவாக, சத்தமில்லாமல், அழகாகவே விழுகிறது. அவற்றை எழுதியவர்கள் விடியற்காலையில் சலவை வேலைக்குப் போனவர்களாக இருக்க முடியாது.

சனிக்கிழமை பெற்றோல் நிலையத்துக்கு அண்ணையையும் காரையும் கூட்டிக்கொண்டு போய் டயர்களுக்கு நானே காற்றடித்தேன். திரும்பி வந்ததும், திங்கட்கிழமை காரை நானே ஓட வேண்டுமென்று திறப்பைக் கேட்டேன். அண்ணையோடு அறையைப் பகிர்ந்திருந்த நண்பர் சிரித்தார். "தங்கச்சி ஓடினால் நான் நடந்து வாறன் அண்ணை. நடந்தால் உயிரோடை வருவன்." திங்கட்கிழமை பிந்தினால் எனக்கு என்ன போகும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் சண்டை பிடித்தபின் அண்ணை ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்: பழகலாம், ஆனால் அவர் பக்கத்தில் இருப்பார்.

ஞாயிறு பகல் லா கூர்னெவில் ஒரு களஞ்சியத்தின் வெறும் முற்றம். ஈ காக்கை இல்லை. பனி இறுகி, மேலே வழுவழுத்துக் கிடந்தது. இரண்டாம் கியரில் மெல்லக் கிளச்சை விட்டேன். கார் முரண்டு பிடிக்காமல் நகர்ந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன், வழுக்குவது எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டுமென்று. பின்பக்கம் நழுவத் தொடங்கிய அந்தக் கணத்தில் அண்ணை ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். கார் பம்பரம்போல் சுழன்று களஞ்சியத்தைப் பார்த்திருந்த முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

"பாத்தியே? நான் பிடிச்சிருக்காட்டில்..."

"இறங்குங்கோ அண்ணை."

"என்ன?"

"இறங்குங்கோ. உங்கடை கை இருக்கிற காரிலை என்னாலை பழக ஏலாது."

"இந்தக் குளிருக்கையோ? விசரே உனக்கு?"

"மணல்தானே அண்ணை. நில்லுங்கோ."

இறங்கினார். களஞ்சியக் கதவோரம் கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். நான் அந்த முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்பக்கம் வலப்புறம் வழுக்கினால் ஸ்டியரிங்கையும் வலப்புறமே திருப்ப வேண்டும் என்பது படிக்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றிய பாடம். முதல் சில தடவை கை எதிர்ப்பக்கமே போனது, கார் சுழன்றது. பிறகு கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, போக வேண்டிய இடத்தைப் பார்க்கத் தொடங்கினேன். கை தானாகவே சரியான பக்கம் போனது. வழுக்கல் முதலில் இடுப்புக்குத் தெரிகிறது, கண்ணுக்கு அதன் பிறகுதான். பிரேக்கைத் தட்டித் தட்டித் தொட வேண்டும், மிதிக்கக் கூடாது. கியரைக் குறைத்தால் இயந்திரமே காரைப் பிடித்துக்கொள்ளும். அரைநாளில் பிடிபடுகிற இந்த விடயங்களைச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடத்துக்கு நேரமிருக்கவில்லை, ஒரு குடும்பத்துக்கு மனமிருக்கவில்லை.

திங்கட்கிழமை காரை நான் ஓடினேன். அண்ணை பின் ஆசனத்தில். "காரைத் தனிய விடமாட்டன்" என்று ஏறிக்கொண்டவர். திரான்சியில் ஏறிய புதுச்சேரிப் பெண் முன்னால் என் பக்கத்தில் அமர்ந்து, சிலுவை போட்டுக்கொண்டார். பாலத்துக்கு முன்னமே இரண்டாம் கியருக்கு இறக்கினேன். நடுப்பாலத்தில் பின்பக்கம் லேசாக இடம் பெயர்ந்தது.

"அழுத்து! அழுத்து!" என்றார் அண்ணை பின்னாலிருந்து.

"நீங்க சும்மா வாங்க அண்ணே, அது ஓட்டுது" என்றார் புதுச்சேரிப் பெண்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பினேன், பாலத்தின் மறுகரையைப் பார்த்தேன். கார் நேரானது.

இல்லத்தின் முன்னால் நிறுத்தியபோது நேரத்துக்கு முன்பே வந்திருந்தோம். அண்ணை இறங்கி ஓட்டுநர் கதவுப் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"திறப்பைத் தா. நான் கொண்டு போறன். பின்னேரம் வந்து ஏத்திறன்."

"அந்தப் பாலத்தாலையோ?"

"பின்னை வேறை எதாலை?"

"நாளைக்கும் எனக்கு வேலை இருக்கு அண்ணை. பஸ்ஸிலை போங்கோ." காரைப் பூட்டித் திறப்பைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் ஏதோ முணுமுணுத்தபடி பஸ் தரிப்பிடத்தைத் தேடி நடந்தார், பனியில் மிகவும் கவனமாக.

மேற்பார்வையாளர் யன்னலருகே நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"பார்த்தீர்களா, மனம் வைத்தால் முடிகிறது. உங்கள் சகோதரர் இன்றைக்கு நன்றாக ஓட்டியிருக்கிறார்."

"ஓட்டியது நான், மதாம்."

"அப்படியா" என்றார், வேலை அட்டவணையில் என் பெயருக்கு நேரே அடையாளம் இட்டபடி. "படுக்கை விரிப்புகள் காத்திருக்கின்றன."

சலவை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அன்றைக்கு வேலை தப்பியது. கோபம் மத்தியானமாகியும் ஆறவில்லை.