ஏழு பிள்ளைகளுக்கு மே மாதப் பிறந்தநாள்

செக்ரட்டரி சாரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஓணம் டோர்ணமென்ட் அன்று காலையில், அத்தனை பேர் நிற்கும்போது சொன்னீர்கள். உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

படிக்கிற உங்களுக்கு இவன் யார், எதற்கு இப்படிக் கத்துகிறான் என்று தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கோபத்தில் எழுதுவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு அழைப்பிதழ் போனில் வந்தது. கிள்ளிப்பாலம் பக்கம் உள்ள அந்த ஃபுட்பால் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். என்னை யாரும் நீக்கவில்லை. நான் அதில் இருப்பதே யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ஆண்டுவிழாவில் செக்ரட்டரிக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். ஏழைப் பிள்ளைகளின் காலில் பந்தைக் கொடுத்தவர் என்று அவர் படத்துக்குக் கீழே மலையாளத்தில் எழுதியிருந்தது. நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, கடைக்குச் சரக்கு வாங்க வந்த ஒருத்தர் அடுக்கடுக்காகத் தும்மினார். தும்மலைக் கேட்டால் எனக்கு அந்தப் பிள்ளைகள் ஞாபகம்தான் வரும்.

மலையாள நாட்டு ஆரியசாலைச் சந்தையில் வத்தல் மொத்தக் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் முதலாளியுடையது. குடோன் என் பொறுப்பு. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இருபத்துநாலு வயதில் வந்து சேர்ந்தவன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். மிளகாய் வத்தல் குடோனில் இருக்கிறவனுக்கு அந்த நெடி தோலுக்குள் போய்விடும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுத்தான் கடைசியில் நிறையும். உட்கார்ந்தவரும் இரண்டு ஸ்டாப்பில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஒருவிதத்தில் வசதி, காலை நீட்டிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை அடைப்பு. அன்றைக்கு லாட்ஜ் அறையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. காலையில் டீக்கடையில் "ஒரு சாயா" என்று சொல்வேன். அதற்கப்புறம் வாயைத் திறப்பது திங்கட்கிழமை லாரி வந்த பிறகுதான். எனக்குத் தெரிந்த மலையாளம் லாரிக்காரரிடம் மூட்டைக் கணக்குச் சொல்லப் போதும். சண்டை போடப் போதாது. இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்த மைதானத்துக்கு நான் போனது நடந்து நடந்து கால் கொண்டுபோய் விட்டதால்தான். செம்மண் மைதானம். ஒரு பக்கம் கிளப்பின் பிள்ளைகள் பூட்ஸ் போட்டு, வரிசையாக நின்று பழகுவார்கள். இன்னொரு மூலையில் நம் தமிழ்ப் பிள்ளைகள். கொத்தனார், ஹோட்டல் அடுப்படிக்காரர், சுமை தூக்குகிறவர் வீட்டுப் பிள்ளைகள். மைதானத்துக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள். வெறுங்காலோடு, ஒரு பந்துக்குப் பதினாலு பேர். பந்து அடிக்கடி கிளப்பின் பக்கம் போய் விழும், பிள்ளைகள் ஏச்சு வாங்குவார்கள். நாலைந்து வாரம் நான் மதிலோரம் உட்கார்ந்து பார்த்த பிறகு செக்ரட்டரி என்னிடம் வந்தார். வெள்ளை முண்டு, நல்ல சிரிப்பு. "அண்ணாச்சி தமிழல்லே? இந்தப் பிள்ளேரெ ஒந்நு நோக்கிக்கூடே?" என்றார். இந்தப் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று அர்த்தம். அந்த ஊரில் என்னிடம் ஒருத்தர் ஒரு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. சம்பளம் கிடையாது, ஒரு விசில் கொடுத்தார். உடனே சரி என்று தலையாட்டினேன். எனக்கு ஃபுட்பால் தெரியுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிள்ளைகள் விடவில்லை. இசக்கி என்று ஒரு பெண் பிள்ளை, கொத்தனார் மகள், தடுப்பு ஆட்டக்காரி. பையன்களை இடித்துத் தள்ளிவிட்டுப் பந்தை எடுப்பாள். முதல் நாளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், ஆஃப்சைடு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

"அடுத்த வாரம் சொல்லுதேன்."

"தெரியாதுன்னு சொல்லுங்க சார். நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்."

அந்த வாரம் முழுவதும் போனில் வீடியோ பார்த்தேன். மண்டையில் ஏறவில்லை. மதியம் குடோனில் மூட்டைகளை நகர்த்திவைத்து, இது தடுப்பு ஆட்டக்காரன், இது கோல் காக்கிற கோலி, இது நான் என்று நடந்து பார்த்தேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னல, மூட்டைக்குப் பந்தி வைக்கியா?" என்று கேட்டார். ஆஃப்சைடு எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். இன்றைக்கும் டிவியில் மேட்ச் பார்த்தால் ஆட்களுக்குப் பதில் மூட்டைகள்தான் கண்ணில் தெரிகிறது.

மூட்டை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கக்கேடுதான். இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டால் யார் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கிளப் பிள்ளைகளுக்குக் கலர் பனியன் இருந்தது. எங்களுக்கு இல்லை. நான் காலிச் சாக்குகளை எடுத்து, இரண்டு தண்ணீர் அலசி, தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிக் கொண்டுபோனேன். பெரிய மூளைக்காரன் என்று நினைப்பு. ஏழு பிள்ளைகள் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். வேர்த்தது. வேர்த்ததும் சாக்கில் இருந்த வத்தல் தூள் வேலையைக் காட்டியது. ஒருத்தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலற, இன்னொருத்தன் தண்ணீர்க் குழாய்க்கு ஓட, மைதானமே தும்மியது. இசக்கியின் அம்மா மறுநாள் கடைக்கே வந்துவிட்டாள். "பந்து வெளயாட அனுப்புனா புள்ளயள மசாலா தடவியா அனுப்புதீரு?" என்று வியாபாரிகள் முன்னால் கேட்டாள். அதிலிருந்து என் பெயர் வத்தல் சார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெயர் வைத்துக் கூப்பிட ஆள் கிடைத்ததில் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்.

இரண்டு வருஷம் ஓடியது. கிளப் பிள்ளைகளோடு ஆடியதிலெல்லாம் தோற்றோம். அப்புறம் சமன் செய்தோம். ஒருநாள் ஜெயித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை இசக்கி என் முதுகில் ஓங்கி அடித்துவிட்டு ஓடினாள். சாயங்காலம் வரைக்கும் அந்த இடம் எரிந்தது. அறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றாமல் படுத்திருந்தேன்.

பதிமூன்று வயது முடியாதவர்களுக்கான ஓணம் டோர்ணமென்டில் நம் பிள்ளைகளும் ஆடலாம் என்று செக்ரட்டரி சொன்னார். வயதுக்குக் காகிதம் வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருந்தால்தான் ஒண்ணாம் வகுப்பு. ஐப்பசியில் பிறந்த பிள்ளைக்கு நாலைந்து மாதம் குறையும். வேலைக்குப் போகிற தாய் இன்னும் ஒரு வருஷம் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவாள்? ஹெட்மாஸ்டர் ஒரு பார்வை பார்ப்பார், மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். யாருக்கும் அது திருட்டாகத் தோன்றாது. என் சர்டிபிகேட்டிலும் மே முப்பத்தொன்றுதான். நான் பிறந்தது மார்கழி மழையில் என்று அம்மா சொல்வாள். என் பிள்ளைகளில் ஏழு பேர் ஊரில் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்த பிறகு இங்கே வந்தவர்கள். ஏழு பேருக்கும் பள்ளிக்கூடக் காகிதத்தில் மே மாதம். பிறப்புச் சான்றிதழில் ஐப்பசி, கார்த்திகைக்குச் சரியான மாதங்கள். பிறப்புச் சான்றிதழ்படி பார்த்தால் ஓணத்தன்று ஏழு பேரும் பதிமூன்று முடியாதவர்கள். பள்ளிக்கூடக் காகிதப்படி மூன்று பேருக்கு முடிந்துவிட்டது. அதில் இசக்கி ஒருத்தி. அதாவது காகிதத்தில் கூடுதலாக இருந்த வயது பிள்ளைக்கு நிஜத்தில் கிடையாது.

இதை நான் மறைக்கவில்லை. ஒரு வாரம் முன்னால் செக்ரட்டரியின் அறையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காகிதங்களைப் புரட்டினார். "ஏழு பேர்க்கும் மே மாசமோ? நிங்ஙடெ நாட்டில் மே மாசத்தில் மாத்ரே பிரசவமுள்ளோ அண்ணாச்சி?" உங்கள் ஊரில் மே மாதத்தில் மட்டும்தான் பிரசவமா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் சொன்னார்: "கொழப்பமில்ல. ரெண்டும் வெச்சோ. ஞான் நோக்கிக்கோளாம்." பிரச்சினை இல்லை, இரண்டையும் வை, நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்திருந்தால் போதும், ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நான் குடோன்காரன். எங்கள் தொழிலில் எந்தச் சரக்கும் இரண்டு சீட்டு இல்லாமல் வாசல் தாண்டாது. இரண்டு காகிதம் இருந்தால் பத்திரம் என்று இருபது வருஷம் பழகிய கை. இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

டோர்ணமென்ட் அன்று காலையில் பிள்ளைகள் கோட்டுக்குள் நிற்கிறார்கள். எதிரணிக் கோச் ஃபைலைக் கேட்டார். புரட்டினார். ஒரு பிள்ளைக்கு எப்படி இரண்டு பிறந்தநாள் என்றார். கமிட்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் நேரே செக்ரட்டரியிடம் போய், இரண்டையும் வைக்கச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். அவர் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஞான் அங்ஙனே பறஞ்ஞிட்டில்ல."

நான் அப்படிச் சொல்லவில்லை. அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

என்னிடமிருந்த மலையாளம் மொத்தமும் அந்த இடத்தில் போய்விட்டது. தமிழில் கத்தினேன். கெட்ட வார்த்தையும் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். கத்துகிறவன் பக்கம் தப்பு என்று கூட்டம் முடிவுகட்டிவிடும். பின்னாலிருந்து ஒருத்தன் "பாண்டிப் பணி" என்றான், தமிழன் புத்தி இதுதான் என்கிற ஏளனம். சிலர் சிரித்தார்கள். எங்கள் அணியையே வெளியே போகச் சொன்னார்கள்.

இசக்கி பக்கத்தில் வந்து நின்றாள். "சார், நீங்க நெசமாவே அவுக கிட்ட கேட்டீங்களா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், ஆமாம் கேட்டேன் என்று. இரண்டு வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாத்தையும் ஒங்கிட்டச் சொல்லணுமாட்டி? போ அந்தப் பக்கம்." அவள் போனாள். மதிலோரம் உட்கார்ந்து, டோர்ணமென்டுக்காகப் போட்டிருந்த ஜெர்சியைக் கழற்றி மடித்தாள். உள்ளே சட்டை போட்டிருந்தாள். ஜெர்சியை என் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் குழுவில் ஏழு பிள்ளைகளின் பெயரும் வந்தது. மேலே ஒரு வரி, வயது மோசடி என்று. பதிமூன்று வயதுகூட ஆகாத பிள்ளைகளின் பெயரை அப்படிப் போட்டார்கள். அவர்கள் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். இசக்கியின் அப்பா மறுநாள் என்னைத் தெருவில் நிறுத்தி, "எம்புள்ள பேரக் கெடுத்திட்டீரே வேய்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் இரண்டு. அப்புறம் நான் மட்டும் போனேன். பந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலை எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மழை வந்தது, எழுந்து வந்துவிட்டேன். பிறகு போகவில்லை.

இப்போது அங்கே செம்மண் இல்லை. பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிலும் வலை கட்டி, பூட்டுப் போட்டிருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவைத்தவர்கள் மட்டும்தான் உள்ளே ஆடலாம். பின்னாலிருந்த லைன் வீடுகளை இடித்து வண்டி நிறுத்த இடம் ஆக்கிவிட்டார்கள். குடியிருந்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். இசக்கி திருப்பூரில் இருக்கிறாள் என்று ஒருத்தர் சொன்னார். நாகர்கோவிலில் நர்ஸுக்குப் படிக்கிறாள் என்று இன்னொருத்தர் சொன்னார். எது நிஜம் என்று தெரியாது. ஊரே அவளை ஒரு காகிதத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் எழுதிவைத்துவிட்டது மாதிரி இருக்கிறது.

அந்த ஏழு பேரில் சுடலை என்று ஒருத்தன், எங்கள் கோலி. மூன்று மாதம் முன்னால் கடைக்குப் பார்சல் கொண்டுவந்தான். ஹெல்மெட்டோடு நின்று மலையாளத்தில் ஓடிபி கேட்டான். "ஏல, சுடலை!" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "ஐயோ, வத்தல் சாரா!" என்று சிரித்துவிட்டான். தமிழில் பேசுவதற்கு அவனுக்குச் சிரமமாக இருந்தது. போகும்போது திரும்பி வந்து கேட்டான்: "சார், ஒரு காரியம் கேட்டா கோவப்படக் கூடாது. அன்னைக்கு எங்க பேப்பர நீங்கதான் திருத்தி வச்சீங்களோ? அப்பா இப்பவும் அப்படித்தான் சொல்லும்."

நான் இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவன், "போட்டு சார், அதொக்க பழைய கத", விட்டுத்தள்ளுங்கள் என்று என் தோளைத் தட்டினான். வயசாளி எதையோ சொல்கிறார் என்று கேட்டுக்கொள்கிற மாதிரி தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் நம்பவில்லை. ஏழு வீட்டிலும் இத்தனை வருஷமாக நான் கள்ளக் காகிதம் எழுதியவன். அந்தப் பிள்ளைகள் கள்ள வயதுக்காரர்கள். நான் என்ன சொன்னாலும் இனி அது மாறாது. மாற்ற ஒரு ஆளால்தான் முடியும்.

செக்ரட்டரி சாரே, உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை மலையாளத்தில் எழுதித் தர ஒரு ஆளைப் பிடித்துவிட்டேன், குழுவில் நானே போடுவேன். பொன்னாடையை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு வழக்கு இல்லை. விழாவுக்கு வருவேன், கத்த மாட்டேன். இரண்டு காகிதத்தையும் வைக்கச் சொன்னீர்களா, இல்லையா? எனக்குத் தனியாகப் போன் செய்து சொல்ல வேண்டாம். அந்த ஏழு பெயரையும் மேடையில் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, மைக்கில் பதில் சொல்லுங்கள்.