ஒரு நெடிலும் இரண்டு குறிலும்

ரைப்ரைற்றர் ரிபன் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றபோது, அரியாலையில் நான் நடத்திய தட்டச்சு வகுப்பும் படுத்துவிட்டது. பழைய ரிபனுக்கு மை பூசிப் பூசி, எழுத்தைவிடக் கறைதான் அதிகம் விழுந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

ரேடியோ திருத்துகிற என் அண்ணை ஒருநாள் சொன்னார்: "நீ இனிக் கொம்பியூட்டர் படிப்பி, தங்கச்சி. அதுக்கு ரிபன் வேண்டாம்."

கரண்ட் இல்லாத ஊரில் கதைக்கிற கதையா இது என்று கேட்டேன்.

"கரண்ட் நான் தாறன். நீ பிள்ளையளைப் பிடி."

போரால் பாதை மூடியிருந்த காலம். முழுக் கொம்பியூட்டர் ஒன்று கொழும்பிலிருந்து வர வழியில்லை. துண்டு துண்டாக வந்தது. பெட்டி ஒருவரோடு, மொனிற்றர் இன்னொருவரோடு. மொனிற்றருக்குப் படம் கொடுக்கிற 'காட்' என்ற சின்னப் பலகையை, கடல்நீரேரியில் வள்ளம் ஓட்டுகிற, எங்கள் பக்கத்து ஊரான கொழும்புத்துறைக்காரர் ஒருவர் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணையும் நானும் அதற்கு முன் கொம்பியூட்டரின் வயிற்றைக் கண்டதே இல்லை. ஒரு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, அது சொன்ன சொன்ன இடத்தில் செருகினோம். காட்டின் செருகும் விளிம்பில் மஞ்சளாக ஒரு பசை இருந்தது. புதுச் சாமான் கிறீஸோடுதானே வரும்? எங்கள் வோட்டர் பம்ப் அப்படித்தான் வந்தது. "கம்பனிப் பூச்சு. கை வையாதை" என்றார் அண்ணை. நானும் தலையாட்டினேன்.

போட்டுப் பார்க்கிற அன்று நீர்வேலியிலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரர் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவர் சேர்த்தால் தாங்களும் சேர்ப்போம் என்று அவர் வீட்டு ஒழுங்கையில் இன்னும் சில வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் போனால் என் வகுப்பும் அவரோடேயே போய்விடும்.

"நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை, ரீச்சர். உது வேலை செய்யிறதை ஒருக்காக் கண்ணால பாத்தால் காணும்" என்றார்.

அண்ணை ஜெனரேற்றருக்குப் பெற்றோல் சில துளி விட்டு எழுப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். இன்னொரு தரம் எழுப்பத்தான் போத்தலில் பெற்றோல் மிச்சமிருந்தது.

சுவிட்சைப் போட்டோம். உள்ளே விசிறி சுற்றியது. மொனிற்றர் இருட்டாகவே கிடந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு கூவல். ஒரு நெடில், பிறகு இரண்டு குறில்.

"என்னவாம்?" என்றார் நீர்வேலிக்காரர்.

"ஏதோ சொல்லுது. எங்களுக்குத்தான் விளங்கேல்லை" என்றார் அண்ணை.

மெமரித் துண்டைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டோம், சத்தம் மாறியது. திரும்பப் பூட்ட, பழைய சத்தமே வந்தது. காட்டைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டோம். அதே நெடில், அதே குறில்கள். காட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முறைப்பாடு என்றால், காட் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். இன்னொன்று கடல் தாண்டி வர எத்தனை மாதமோ.

அந்த நேரம் பார்த்து வள்ளக்காரர் வந்து சேர்ந்தார். தான் கொண்டுவந்ததைப் பார்க்கிற ஆசை அவருக்கு.

"என்ன தம்பி, என்ரை சாமான் படம் காட்டுதோ?"

"உங்கடை சாமான் மண்டையைப் போட்டுட்டுது" என்றார் அண்ணை.

"சும்மா கதையாதை. கைப்பிள்ளை மாதிரியெல்லோ கொண்டந்தனான். உப்புக்காத்துப் படாமல் அந்த விளிம்பு முழுக்கக் கிறீஸ் அப்பினனான். எஞ்சின் சாமான் கொண்டாறதும் அப்பிடித்தானே."

அண்ணையும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அப்ப அது கம்பனி பூசினதில்லையோ?" என்றேன்.

"கம்பனியோ? நான் பூசினது, பிள்ளை." அவர் முகம் வாடிப்போயிற்று. "பூசக்கூடாதோ?"

"அந்த விளிம்பாலைதான் கரண்ட் போகவேணும்" என்றார் அண்ணை.

கிறீஸைக் கழுவ எங்களிடம் இருந்தது அந்தப் பெற்றோல்தான். அதைச் செலவழித்தால், ஜெனரேற்றர் நின்ற பிறகு எழும்பாது. "அது நிக்காமல் ஓடட்டும்" என்று கொம்பியூட்டரை மட்டும் நிறுத்தி, அண்ணை காட்டோடு முற்றத்துக்குப் போனார். வள்ளக்காரர் அதை வாங்கி, பழஞ்சீலையைப் பெற்றோலில் நனைத்து, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோலத் துடைத்தார். பிறகு காற்றில் பிடித்துக் காயவைத்தார்.

"கெதியாப் பாருங்கோ, ரீச்சர். உதிலை மண்ணெண்ணெய் அடிக்குப் போயிட்டுது" என்று ஜெனரேற்றரடியில் நின்ற நீர்வேலிக்காரர் சொன்னார்.

காட்டைச் செருகிச் சுவிட்சைப் போட்டோம். ஒரேயொரு குறில். கறுப்புக் கண்ணாடியில் பச்சை எழுத்துகள் எழும்பின. மூலையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. நீர்வேலிக்காரரின் மகள் கழுத்தை நீட்டி, அவற்றை வாய்க்குள் வாசித்தாள். எண்கள் ஏறி முடியவும் ஜெனரேற்றர் இருமி நிற்கவும் சரியாக இருந்தது. எல்லாம் இருண்டது.

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

"கண்டனான், ரீச்சர். காணும்" என்றார் நீர்வேலிக்காரர். "தோட்டத்துப் பம்புக்கு வாங்கின எண்ணெயிலை ஒரு போத்தல் நான் தாறன். வகுப்பு எப்ப?"

"பெற்றோல் என்ரை பாடு" என்றார் வள்ளக்காரர். "இனிக் கிறீஸ் கொண்டாறேல்லை."

அண்ணை சிரித்தார். திங்கட்கிழமை என்று நான் சொன்னேன்.